முருகைக்கல்லுக்கு ஒளியே உணவு



கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கடுகண்ணாவைக் கணவாய் ஏறி முடியுமிடத்தில், உயர்ந்த கோபுரமொன்று நிற்கிறது. அச்சாலையை அமைத்த கப்டன் டோசன் 1829 ஆம் ஆண்டிற் காலமானார். அவர் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்டது அக்கோபுரம். முதன்முறை அதனைக் காண்போர் கலங்கரை விளக்கம் என்றே எண்ணுவர். ஆனாற் கடலோ அங்கிருந்து வெகுதொலைவில் உள்ளது.

கடல் காணாத மலையிலே கலங்கரை விளக்கத்தை ஒத்த ஒரு கோபுரம் நிற்பது விந்தையானால், அதே மலையூரில் ஒரு வீட்டின் முன்னறையில் கடலின் முருகைக்கல் உயிர்வாழ்வது அதனினும் விந்தையன்றோ? இக்காலத்தில் அதுவும் நிகழ்கிறது. உப்பைக் கலந்து கடல்நீரைச் செய்துகொள்கின்றனர். விசைக்குழாயாலே நீரோட்டத்தை உண்டாக்குகின்றனர். இவ்விரண்டும் எளிதிற் கைகூடுவன. மூன்றாவதாகிய ஒளியே பலரை இடறச் செய்வது. முருகைக்கல்லுக்கு எவ்வளவு ஒளி வேண்டும், எத்தகைய ஒளி வேண்டும், அதனை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் முருகைக்கல் என்பது யாது என்று நோக்குவோம். பெயரிலே கல் இருப்பினும் அது கல்லன்று, செடியுமன்று, விலங்கு. பொலிப்பு எனப்படும் மென்மையான சிற்றுயிர்கள் பல்லாயிரம் கூடி, தமக்குக் கீழே சுண்ணாம்பினால் வீடு கட்டி வாழ்கின்றன. அவ்வீடே நாம் காணும் கல். ஆயினும் அவ்விலங்கு தனித்து வாழ்வதில்லை. அதன் உடற்கலங்களுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. இலைகள் செய்யும் தொழிலையே அவையும் செய்கின்றன. ஒளியைப் பற்றி உணவைச் சமைத்து, அதிற் பெரும்பகுதியைத் தம்மை ஏந்திநிற்கும் விலங்குக்கு வழங்குகின்றன. விலங்கோ தன் கழிவுப்பொருள்களை அல்காவுக்கு உரமாக அளித்து, வாழ இடமும் தருகிறது.

இவ்வுண்மை ஒரே நாளில் அறியப்பட்டதன்று. 1928, 1929 ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடருக்கு யங் என்னும் அறிஞரின் தலைமையிற் சென்ற ஆய்வுக்குழுவினர், முருகைகளை ஒளிபுகாத பெட்டிகளிற் பல மாதம் வைத்துப் பார்த்தனர். அவற்றினுள் இருந்த அல்காக்கள் நீங்கின, உயிர்கள் வெளிறின. 1959 இல் கோரோ என்பவர், முருகை சுண்ணாம்பைப் படியச் செய்யும் விரைவைக் கதிரியக்கக் கல்சியத்தைக் கொண்டு அளந்து, இருளிலும் ஒளியில் அது மிகுதியென்று காட்டினார். 1969 இல் மஸ்கட்டீன், செர்னிக்கியாரி என்னும் இருவர், அல்கா ஒளியிற் சமைத்த உணவு முருகையின் உடலுக்குள் செல்வதைக் கதிரியக்கக் காபனைத் தொடர்ந்து சென்று மெய்ப்பித்தனர். ஆகவே முருகைக்கு ஒளி வெறும் அலங்காரமன்று, அஃது உணவு. தொட்டியின் மேலே நாம் தொங்கவிடும் விளக்கு, உண்மையில் அவ்வுயிரின் அடுப்பங்கரையே ஆகும்.

இனி, அவ்வுணவு கடலில் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்று காண்போம். இதற்குக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. கண்டிப் பகுதியிலுள்ள வீட்டுத்தோட்டம் ஒன்றினுள் நுழைந்தாற் போதும். மேலே தென்னையும் கமுகும் முழு வெயிலைக் குடிக்கின்றன. அவற்றின் கீழே பலாவும் ஈரப்பலாவும் எஞ்சியதை ஏற்கின்றன. அதற்குங் கீழே கோப்பியும், மரத்தைப் பற்றியேறும் மிளகும் அரைநிழலில் வளர்கின்றன. தரையிலே இஞ்சியும் மஞ்சளும் இலைகளினூடே சிந்தும் ஒளியைக் கொண்டே செழிக்கின்றன. நிழலிற் பழகிய செடியை வெட்டவெளியில் நட்டால் அதன் இலை கருகும். தென்னங்கன்றைப் பலாமர நிழலில் நட்டால் அது மெலிந்து நீளும். செடி நல்லது, மண் நல்லது, இடந்தான் தவறியது.

பாறைத்தொடரும் இவ்வாறு அடுக்கடுக்காய் அமைந்த தோட்டமே. மான்கொம்பு போலக் கிளைக்கும் முருகைகளிற் பல அலைமோதும் மேட்டில், பளீரென்ற வெயிலில் வாழ்வன. பெரிய சதைப்பற்றுள்ள பொலிப்புக்களைக் கொண்டவை பல ஆழத்திலும், பாறைச்சரிவின் நிழலிலும் வாழ்வன. காளான் முருகை எனப்படுவனவும் மென்முருகைகள் பலவும் மங்கிய ஒளியிலும் நிறைவு காண்பன. அன்றியும், கீழே செல்லச் செல்ல ஒளியின் அளவு குறைவதோடு நிறமும் மாறுகிறது. செந்நிறக் கதிர்களை நீர் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த கடலிலுங்கூடப் பத்து மீற்றருக்குள் அவற்றிற் பெரும்பகுதி மறைந்துவிடும். நீலக்கதிரோ நெடுந்தூரம் ஊடுருவும். முருகையினுள் வாழும் அல்காக்களும் நீலவொளியைச் சிறப்பாகப் பற்றும் நிறப்பொருள்களை உடையன. முருகைத் தொட்டிகளுக்கென விற்கப்படும் விளக்குகள் நீலச்சாயல் மிகுந்திருப்பதன் காரணம் இதுவே.

நேயர்களே, இவ்விடத்தில் நமது கண் செய்யும் ஒரு மாயத்தைச் சொல்லவேண்டும். நன்கு விளக்கேற்றிய படிப்பறையில் ஒளியின் அளவு ஏறத்தாழ 300 இலக்ஸ் இருக்கும். நண்பகலில் முற்றத்து வெயிலிலோ அஃது ஒரு இலட்சம் இலக்ஸ் அளவை எட்டும். வேறுபாடு முந்நூறு மடங்குக்கு மேல். ஆயினும் அறையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும்போது, “சற்றே வெளிச்சம் கூடிற்று” என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. கண்ணின் பாவை சுருங்குகிறது. விழித்திரை தன்னைத் திருத்திக்கொள்கிறது. மிகுந்ததைக் குறைத்தும் குறைந்ததை மிகுத்தும் காட்டுவது கண்ணின் இயல்பு. நாம் நடமாடுவதற்கு அது பெருந்துணை; ஒளியை அளப்பதற்கோ அது பொய்ச்சாட்சி.

இன்னுமொன்று. நமது கண் பச்சை, மஞ்சள் நிறங்களுக்கே மிகுதியாக வசப்படும். நீலத்தை மங்கலாகவே காணும். இலக்ஸ் என்னும் அளவும் மனிதக் கண்ணை ஒட்டி அமைந்ததாகையால், நீலவொளியைப் பெரிதும் குறைத்தே காட்டும். இக்காரணத்தால் அறிவியலார் வேறோர் அளவைக் கையாளுகின்றனர். 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள அலைநீளங்களில், ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு செக்கனில் எத்தனை ஒளித்துணிக்கைகள் விழுகின்றன என்று எண்ணி, அதனை மைக்ரோமோல் கணக்கிற் குறிப்பர். மீன்தொட்டி வைத்திருப்போர் இதனைச் சுருக்கமாகப் ‘பார்’ அளவு என்பர். நண்பகல் வெயிலில் அஃது ஏறத்தாழ 2,000. முன்சொன்ன படிப்பறையிலோ ஐந்தளவே. வரவேற்பறை விளக்கின் கீழே முருகையை வைப்பது, பசித்தவன் முன் உணவின் படத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

இதனை நான் நூலறிவாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வாழும் என் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய தொட்டியொன்றை அமைத்தார். அதில் தோல்முருகை எனப்படும் மென்முருகை ஒன்றை வைத்து, மேலே வீட்டுக்குரிய வெள்ளை மின்குமிழ் ஒன்றை மாட்டினார். பார்ப்பவர் அனைவரும், “என்ன வெளிச்சம்!” என்று பாராட்டினர், நானும் பாராட்டினேன். இரண்டு மாதங்களில் அதன் நிறம் கருங்கபிலமாயிற்று. தண்டு மெலிந்து விளக்கை நோக்கி நீண்டது. கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் விடாது பற்றவேண்டி, அவ்வுயிர் தன் அல்காக்களைப் பெருக்கிக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தது என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

பிழையை உணர்ந்த நண்பர், வலிமைமிக்க விளக்கொன்றை வாங்கி, அன்றே முழு ஆற்றலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் ஏற்றினார். பட்டினி கிடந்தவனுக்கு ஒரே வேளையில் விருந்து படைத்தால் என்னாகுமோ அதுவே ஆயிற்று. ஒரு வாரத்தில் அதன் மேற்பக்கம் வெளுத்தது. நிழல் விழுந்த அடிப்பக்கம் மட்டும் நிறங்குன்றாதிருந்தது. விளக்கை உயர்த்தி, ஆற்றலைக் குறைத்து, பல வாரம் பொறுத்திருந்தபின் அந்த அடிப்பக்கமே பிழைத்தது, மேற்பகுதி அழிந்தொழிந்தது. ஒளி குறைந்ததால் நலிவித்தோம். ஒளி மிகுந்ததால் எரித்தோம். இரண்டு முறையும் கண்ணை நம்பியதே குற்றம்.

ஆகவே விளக்கைத் தேர்வதற்கு முறையொன்று வேண்டும். அம்முறை விளக்குக் கடையிலே தொடங்குவதன்று, உயிரிலே தொடங்குவது. முதலாவது, எவ்வகை முருகையை வளர்க்கப்போகிறோம் என்று துணிக. இரண்டாவது, தொட்டியில் அஃது எந்த ஆழத்தில் இருக்கப்போகிறது என்று அளக்க. மூன்றாவதாகவே விளக்கைத் தேடுக. அனுபவமுள்ளோர் கொள்ளும் பொது அளவு இது: காளான் முருகைக்கும் மென்முருகைகள் பலவற்றுக்கும் ‘பார்’ அளவில் 50 முதல் 150 வரை போதும், பெரிய பொலிப்புக்களையுடைய கல்முருகைகளுக்கு ஏறத்தாழ 75 முதல் 150 வரை, மேட்டில் வாழும் கிளைமுருகைகளுக்கு 250 முதல் 400 வரை. இவை முருகை அமர்ந்துள்ள இடத்தில் அளக்கவேண்டிய அளவுகள். விளக்கின் வாயில் அளப்பன அல்ல.

இவ்வேறுபாடு பெரிது. புள்ளி போன்ற விளக்கிலிருந்து தூரம் இரட்டித்தால் ஒளி காற்பங்காகக் குறையும். தொட்டியின் கண்ணாடிச் சுவர்கள் ஒளியை உள்ளே திருப்பிவிடுவதால் அங்கு குறைவு அத்துணைக் கடுமையாக இராது. எனினும் நீர்மட்டத்துக்கு அருகே 300 காட்டும் விளக்கு, 50 சென்ரிமீற்றர் ஆழமுள்ள அடித்தளத்தில் நூறுக்கும் கீழே காட்டுதல் வழக்கம். நடுவில் ஓரளவும் மூலைகளில் வேறோர் அளவும் காட்டும். ஆகவே வீட்டுத்தோட்டத்தைப் போலவே தொட்டியையும் அடுக்கிக்கொள்ளலாம். ஒளியை விரும்புவன மேட்டிலும், நிழலை விரும்புவன அடியிலும் ஓரத்திலும் அமையட்டும். அளக்கும் கருவி விலையுயர்ந்ததாகையால், தொட்டி வளர்ப்போர் பலர் கூடி ஒன்றை வாங்கி மாறிமாறிப் பயன்படுத்துவது சிக்கனமாகும்.

விளக்கு வகைகள் மூன்றைப் பெரிதும் காணலாம். உலோக ஏலைட்டு விளக்குகள் வலிமையுள்ளவை. ஆயின் மின்செலவும் வெப்பமும் மிகுந்தவை. குழல் விளக்குகள் ஒளியைச் சீராகப் பரப்பும். நிழல் கடுமையாக விழாது. ஆயினும் ஓராண்டு கழியுமுன்னரே அவற்றின் ஒளி தளர்ந்துவிடும். கண்ணுக்கு எரிவது போலத் தோன்றினும் முருகைக்கு அவை போதா. எல்.ஈ.டி எனப்படும் ஒளிகாலும் இருவாயி விளக்குகளே இன்று பெருவழக்காய் உள்ளன. அவை குறைந்த மின்னிலே மிகுந்த ஒளி தருவன. நீலத்தையும் வெண்மையையும் வெவ்வேறாகக் கூட்டவும் குறைக்கவும் இடமளிப்பன. ஆயின் ஒளியைக் குவித்து ஓரிடத்திற் பாய்ச்சும் இயல்பு அவற்றுக்கு உண்டு. நீண்ட தொட்டிக்கு ஒரு பெரிய விளக்கைக் காட்டிலும் இரண்டு சிறிய விளக்குகள் மேலானவை. வாற்றுக் கணக்கை மட்டும் பார்த்து வாங்குதல் கூடாது. வாற்று என்பது விளக்கு உண்ணும் மின்னைச் சொல்லுமேயன்றி, முருகை உண்ணும் ஒளியைச் சொல்லாது.

சாளரத்து வெயில் போதாதோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஜகார்த்தா நகரில் லீ சின் எங் என்பவர், உயிர்ப்பாறையும் காற்றுக்குமிழும் கொண்ட தொட்டிகளில் முருகைகளை வாழவைத்து, அம்முறையை 1961 இல் எழுதி உலகுக்கு அறிவித்தார். ஆயினும் நமது மலைநாட்டிலே காலையில் மூடுபனி, மாலையில் மழைமுகில். ஒரு நாள் காய்கிறது, மறுநாள் மங்குகிறது. சாய்ந்து விழும் வெயில் தொட்டியின் ஒரு பக்கத்தைச் சூடாக்கிப் பாசியையும் பெருக்கும். விளக்கை அளவோடு ஏற்றுவதே எமக்குப் பொருத்தம்.

எவ்வளவு நேரம் ஏற்றுவது? முருகைகள் வாழும் வெப்பவலயத்தில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம். ஆனாற் காலை, மாலைப் பொழுதுகளில் ஒளி மென்மையாயிருக்கும். ஆகவே முழு ஒளி எட்டு மணித்தியாலமும், அதன் முன்னும் பின்னும் மங்கிய ஒளி ஓரிரு மணித்தியாலமும் போதும். இரவில் இருள் இன்றியமையாதது. நேரங்காட்டியுடன் இணைந்த ஆளி ஒன்றை வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. புதிய முருகையையோ புதிய விளக்கையோ கொண்டுவரும்போது, அரைப்பங்கு ஆற்றலில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரத்திற் சிறிது சிறிதாக உயர்த்துக. நீர் மஞ்சளித்திருக்கும்போது புதிய கரியை வடிகட்டியில் இட்டாற்கூட நீர் திடீரெனத் தெளிந்து ஒளி மிகும். அந்நாளிலும் விளக்கைச் சற்றுத் தாழ்த்துதல் நன்று.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணித்தியாலம் இருளில் இருந்தோம். நேயர்கள் அதனை மறந்திரார். அத்தகைய நாளில் விளக்கு அணைவதற்கு அஞ்சவேண்டியதில்லை. முகில் மூடிய நாள்களைக் கடலிலும் முருகை தாங்குகிறது. அஞ்சவேண்டியது நீரோட்டமும் காற்றும் நின்றுபோவதற்கே. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுவிசை ஒன்றை வைத்திருத்தல், இரண்டாவது விளக்கொன்றை வாங்குவதிலும் அவசரமானது.

இனி, எல்லாவற்றிலும் பெரிய செய்திக்கு வருகிறேன். ஒளியும் வெப்பமும் ஒன்றுகூடும்போது நேர்வது யாது? நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால், அல்காவின் உணவு சமைக்கும் பொறி பழுதுறுகிறது. அப்போதும் ஒளி ஓயாது வந்துகொண்டேயிருப்பதால், பயன்படாத ஆற்றல் நஞ்சான ஒட்சிசன் வடிவங்களைப் பிறப்பிக்கிறது. முருகை அந்த அல்காக்களை வெளியேற்றிவிட்டு வெளிறி நிற்கிறது. வெளிறியது உடனே இறப்பதில்லை, பட்டினி தொடங்குகிறது. சில வாரத்திற் சூடு தணிந்தால் மீளும், தணியாவிடில் மாளும். 1998 ஆம் ஆண்டில் இந்துமாகடல் சூடேறியபோது, ஹிக்கடுவையிலும் கற்பிட்டியை அடுத்த பாறைத்தொடரிலும் முருகைகள் பெருவாரியாக வெளுத்து அழிந்தன. திருகோணமலையை அடுத்த புறாத்தீவுப் பகுதியோ அவ்வாண்டு பெரும்பாலும் தப்பியது. தொட்டியில் நீரை 25 முதல் 27 பாகை செல்சியசு வரை வைத்து, வெப்பம் ஏறும் நாளில் விளக்கைத் தாழ்த்துவதன் காரணம் இதுவே. நம் நண்பரின் தொட்டியில் ஒரு வாரத்தில் நிகழ்ந்தது, கடலிற் காததூரம் பரந்து நிகழ்ந்தது. அங்கே தாழ்த்துவதற்கு ஒரு விளக்கும் இல்லை, ஆளியும் இல்லை.

இதனால் ஒரு கடமை எழுகிறது. எமது நாட்டில் கல்முருகைகள், தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டவை. உலக வணிகத்திலும், 1973 இல் வாஷிங்டனிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி அவை அனுமதிப் பத்திரமின்றி எல்லை கடக்கலாகா. கடற்கரையிலே யாரோ உடைத்துத் தரும் துண்டை, “சிறியதுதானே” என்று வாங்குதல் சட்டப்படி குற்றம், அறத்தின்படியும் குற்றம். 1998 இல் எஞ்சியவற்றின் வழித்தோன்றல் அதுவாயிருக்கலாம். எதனை வாங்குமுன்னும் அதன் பிறப்பிடத்தைக் காட்டும் பத்திரத்தைக் கேளுங்கள். ஐயமுண்டானால் வனசீவராசிகள் திணைக்களத்தை வினவுங்கள். பத்திரம் இல்லையெனில் தொட்டியில் மீன்களையும் பாறையையும் மட்டும் வைத்து மகிழலாம். அதற்கு வீட்டு மின்குமிழே போதும்.

முருகைக்கு வாயில்லை என்பதன்று. அதன் வாய் பேசாது என்பதே உண்மை. குறைந்தாற் கருத்து நீளும், மிகுந்தால் வெளுக்கும். அவ்விரண்டே அதன் மொழி. விளக்கை வாங்கியவர் அதன் கீழே நாள்தோறும் ஐந்து நிமிடம் அமர்ந்து அம்மொழியைக் கேட்கவேண்டும். கண்ணுக்கு அழகாயிருக்கும் ஒளி எது என்று எண்ணாமல், அவ்வுயிருக்கு வேண்டிய ஒளி எது என்று எண்ணப் பழகியவர், தொட்டியோடு கடலையும் காக்கக் கற்றவராவார்.